குடியாத்தம் முதல் செவ்வாத்தூர் வரை: மாணிக்கம் தேடி ஐந்து நாள்

நாள் 1 – குடியாத்தம்

தை பிறந்து பத்து நாள் ஆகிறது. கவுண்டன்ய மகாநதியில் கணுக்கால் அளவு தண்ணீர் இன்னும் ஓடுகிறது. காலை ஏழு மணிக்கே மாமா ஒரு பாண்டு (மண் அள்ளும் இரும்புச் சட்டி), இரண்டு சல்லடை, ஒரு மண்வெட்டியோடு வந்து நின்றுவிட்டார்.

யார், எதற்காக என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் திருச்சியில் ரத்தினக் கற்களைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம். ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் துணியில் முடிந்த சிவப்புக் கல்லோடு எங்கள் வீட்டுத் திண்ணையில் காத்திருப்பார். கிணறு தோண்டியபோது கிடைத்தது, ஏர் ஓட்டியபோது கிடைத்தது, பாட்டி பெட்டியில் இருந்தது என்பார்கள். போன தீபாவளிக்கு வந்தவர் பேரணாம்பட்டுப் பக்கத்து விவசாயி. அவருடைய கல்லைக் கோடி ரூபாய்க்கு விற்றுத் தருவதாகச் சொன்ன தரகர் ஒருவரிடம் 'சோதனைக் கட்டணம்' என்று பதினைந்தாயிரம் கொடுத்திருந்தார். கல் வெறும் கார்னெட், மாணிக்கம் போலவே சிவப்பாக இருக்கும் வேறு கனிமம். அதை அவரிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கு எனக்கு மூன்று மாதமாக உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தத் தடவை ஐந்து நாள் விடுப்பு. பழைய வடாற்காடு மண்ணில் மாணிக்கம் கிடைக்க வழி உண்டா, இல்லையென்றால் ஏன் இல்லை என்பதைக் கல்லையே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

துணைக்கு என் தாய்மாமா. முப்பது வருஷம் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி ஓட்டியவர். இந்தப் பக்கத்தில் எந்த ஊரில் எத்தனை அடியில் எந்த நிறத்தில் கல் மாவு வந்தது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்.

ஆற்றில் மணலை அள்ளக் கூடாது, மணலுக்கு அடியில் உள்ள கூழாங்கல் படிவைத்தான் எடுக்க வேண்டும். கனமான கற்கள் தண்ணீரோடு தூரம் போகாமல் பாறையை ஒட்டிப் பள்ளங்களில் தங்கிவிடும். இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் குழி வெட்டித் தேடுவதும் இப்படிப்பட்ட கூழாங்கல் படிவைத்தான். அங்கே அதை 'இல்லம்' என்பார்கள். இரண்டடி தோண்டியதும் எங்களுக்கும் ஒரு படிவு கிடைத்தது. பாண்டில் போட்டு அரித்தோம். அரிசியில் கல் அரிக்கிறோமே, அதே கை அசைவுதான். என்ன, அரிசி அரிக்கும்போது கீழே தங்குவதை வீசிவிடுவோம், இங்கே அதைத்தான் வைத்துக்கொள்கிறோம். வெள்ளை மணலாகக் கிடக்கும் குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, மாணிக்கத்தினுடையது 4. குலுக்கக் குலுக்க வெள்ளை மணல் வழிந்து போய், அடியில் கறுப்பு மணல் நிற்கிறது. அந்தக் கறுப்புக்குள் ஆங்காங்கே சிவப்புப் பொட்டுகள்.

"இதோ பாரு பாப்பா, செக்கச்செவேல்னு இருக்குது!" என்றார் மாமா.

காந்தத்தைக் காட்டினேன். கறுப்பில் பெரும்பகுதி துள்ளி ஒட்டிக்கொண்டது, அது மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். சிவப்புப் பொட்டுகளை டம்ளர் தண்ணீரில் மிதக்கும் சிறு தெர்மாகோல் துண்டின் மேல் வைத்து, பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய வலுவான காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன். தெர்மாகோல் மெல்ல நகர்ந்து காந்தத்தைப் பார்த்து வந்தது. கார்னெட்டில் இரும்பு இருக்கிறது, அதனால் வருகிறது. மாணிக்கம் வராது.

இந்தச் சோதனையை எல்லோரும் வீட்டிலேயே செய்யலாம் என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். எடையை மட்டும் நம்பாதீர்கள். சிவப்புக் கார்னெட்டின் அடர்த்தியும் நாலை ஒட்டித்தான் வரும், தராசு ஏமாற்றிவிடும். வடிவத்தைப் பாருங்கள். கார்னெட் பன்னிரண்டு முகத்தோடு பந்து மாதிரி விளையும். மாணிக்கம் ஆறு பட்டையோடு பீப்பாய் மாதிரியோ தட்டையான வில்லை மாதிரியோ இருக்கும்.

மாலையில் திண்ணைக்கு ஏழு பேர் வந்தார்கள், ஒன்பது கற்கள். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று என்னிடம் உண்டு. விளக்கை அணைத்துவிட்டு வரிசையாகக் காட்டினேன். மாணிக்கத்தின் சிவப்புக்குக் காரணம் குரோமியம். அந்தக் குரோமியம் புற ஊதா ஒளியில் தணல் மாதிரி சிவந்து எரியும். இரும்பு அதிகம் இருந்தால் அந்த ஒளிர்வு அமுங்கிவிடும். எட்டுக் கற்கள் செத்துக் கிடந்தன. ஒன்பதாவது, ஒரு அம்மாவின் பழைய கெம்புக் கம்மல், அடுப்புக்கரி போல எரிந்தது. திண்ணையில் எல்லோரும் 'ஆ' என்றார்கள்.

லென்ஸில் பார்த்தேன். உள்ளே வளைவு வளைவாகக் கோடுகள், நடுவில் ஒரு சிறு காற்றுக் குமிழ். செயற்கைக் கல். அலுமினா பொடியைச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை வெர்னூயி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902இல் வெளியிட்டார். அதன் பிறகு வந்த கெம்பு நகைகளில் எத்தனையோ கல் அப்படி வளர்ந்தவை. அதில் இரும்பே கிடையாது, அதனால்தான் அவ்வளவு பிரகாசம். அந்த அம்மாவிடம் சொன்னேன். "எங்க மாமியார் குடுத்தது, அது போதும்" என்று சொல்லிக் கம்மலை மாட்டிக்கொண்டு போனார். மற்ற எட்டும் கார்னெட்.

நாள் 2 – அமிர்தி, வேலூர்

கணியம்பாடி வழியாக அமிர்திக்குப் போனோம். காப்புக்காடு என்பதால் எதையும் உடைக்கவில்லை, எடுக்கவும் இல்லை. சாலை வெட்டில் தெரிந்த பாறையைப் பார்த்ததோடு சரி.

ஜவ்வாது மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட். எண்ணெய் தடவினாற்போல் மினுமினுக்கும் கருநீலக் கல். சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் கிடைத்த இந்தக் கல், கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் சமாதிக்குப் போனது. அதை வைத்து ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் இந்தப் பெயரை வைத்தார். நம் பக்கத்துச் சார்னோக்கைட்டுக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு.

மாமா பாறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பிட்டைத் தின்னுடும். உள்ளே வெங்கச்சாங்கல் நெறைய இருக்குது" என்றார். பிட் என்பது போர் வண்டியில் துளை போடும் முனை. அவர் சொன்னதுதான் விஷயம். வெங்கச்சாங்கல் என்பது குவார்ட்ஸ், அதாவது கலப்பில்லாத சிலிக்கா.

மாணிக்கம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டுமே சேர்ந்த குருந்தம், அதில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ குரோமியம். அலுமினியம் நிலத்தில் எங்கும் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் சிலிக்கா இருந்தால் அலுமினியத்தைத் தனியாக இருக்க விடாது. இரண்டும் சேர்ந்து ஃபெல்ஸ்பாராக, மைக்காவாக, சில்லிமனைட்டாக, கார்னெட்டாக மாறிவிடும். எல்லா அலுமினியமும் இப்படிச் செலவான பிறகும் சிலிக்கா மிச்சம் இருந்தால் அது குவார்ட்ஸாக உட்காரும். ஆகவே ஒரு பாறையில் குவார்ட்ஸ் கண்ணுக்குத் தெரிந்தால், அந்தப் பாறையில் மாணிக்கம் விளைந்திருக்காது. தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சிவப்பு இருக்கிறதா என்பதை இல்லை, வெங்கச்சாங்கல் இல்லாமல் இருக்கிறதா என்பதை. வடாற்காட்டின் மலைகளும் கரடுகளும் பெரும்பாலும் சார்னோக்கைட்டும் கிரானைட் வகைக் கற்களும்தான். இரண்டிலும் குவார்ட்ஸ் நிறைந்து கிடக்கிறது. நம் ஆற்றில் சிவப்பு என்றால் கார்னெட் என்று முடிவதற்குக் காரணம் இதுவே.

இன்னொரு காரணமும் உண்டு. இலங்கை, மடகாஸ்கர், தான்சானியா, கென்யா, மொசாம்பிக் எல்லாம் ஒரு காலத்தில் நம் தென்னிந்தியாவோடு ஒட்டிக் கிடந்த நிலங்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதி கோண்ட்வானா உருவானபோது, அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் அந்த நாடுகளின் பல மாணிக்கங்கள் விளைந்தன. தமிழ்நாட்டில் அந்த மோதலின் தையல், அதாவது நிலங்கள் ஒட்டிய கோடு, பாலக்காட்டிலிருந்து காவிரியை ஒட்டிக் கிழக்கே போகிறது. தையலுக்குத் தெற்கே நிலம் நன்றாக வெந்து புரண்டது. வேலூர் அதற்கு வடக்கே தள்ளி இருக்கிறது, அந்த அடுப்பின் சூடு இங்கே அதிகம் எட்டவில்லை.

திரும்பும் வழியில் வேலூர் லாங் பஜாரில் இறங்கினோம். கத்திக்குச் சாணை பிடிப்பவர் ஒருவர் சைக்கிளில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தார். மாமா அவரிடம் நின்று பேச ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்தில் குருந்தக் கல்லை இடித்துப் பொடியாக்கி, அரக்கோடு பிசைந்து சாணைச் சக்கரம் செய்வார்களாம். வைரத்துக்கு அடுத்த கடினம் அதற்குத்தான்: வைரம் பத்து, குருந்தம் ஒன்பது, குவார்ட்ஸ் ஏழு. மாணிக்கமும் நீலமும் சாணைப் பொடியும் ஒரே கனிமம் என்று ஐரோப்பியர்கள் புரிந்துகொண்டது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில். இந்தியாவிலிருந்து போன கற்களை வைத்து சார்ல்ஸ் கிரெவில் 1798இல் லண்டனில் கட்டுரை எழுதினார். இன்று உலகம் முழுக்கப் புவியியல் புத்தகங்களில் இருக்கும் 'கொரண்டம்' என்ற சொல் நம் குருந்தத்திலிருந்து போனது. சாணைக்காரரிடம் இதைச் சொன்னேன். "அப்படியா" என்று கேட்டுவிட்டு என் பேனாக்கத்தியை வாங்கிக் காசில்லாமல் தீட்டிக் கொடுத்தார்.

நாள் 3 – திருப்பத்தூர், செவ்வாத்தூர்

இந்தப் பயணத்தில் நான் எதிர்பார்த்துக் காத்திருந்த நாள் இது. மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி தாண்டித் திருப்பத்தூர். 2019 வரை இதுவும் வேலூர் மாவட்டம்தான்.

திருப்பத்தூர்ப் பக்கம் செவ்வாத்தூரிலும் கொரட்டியிலும் நிலம் திடீரென்று குணம் மாறுகிறது. சுமார் 80 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்திலிருந்து, இந்தப் பக்கத்தில் வேறெங்கும் பார்க்காத பாறைக் குழம்புகள் பிளவுகள் வழியாக ஏறி வந்து உறைந்த இடம். கறுப்பு பைராக்சினைட், வெளிர் நிற சயனைட் (சயனைடு விஷம் இல்லை, பார்வைக்குக் கிரானைட் போன்ற கல்), இவற்றோடு சுண்ணாம்புச் சத்து நிறைந்த கார்பனடைட். மூன்றிலும் குவார்ட்ஸ் கிடையாது, அல்லது மிகச் சொற்பம். சுரங்கப் பக்கம் போகவில்லை. மாமாவுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் நிலத்தில், அவர்களைக் கேட்டுக்கொண்டு நடந்தோம்.

வரப்போரம் வெளுத்த பழுப்பில் ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தது. நீர் கலந்த ஆசிட்டை இரண்டு சொட்டு விட்டேன். சோடா மாதிரி நுரைத்தது. நிலத்துக்காரப் பையன், "அக்கா, இது சலவைக்கல்லா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பர்மாவின் மோகோக்கில் உலகப் புகழ் பெற்ற மாணிக்கங்கள் கிடைப்பது சலவைக்கல்லில்தான். ஆனால் அந்தச் சலவைக்கல் ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்பு. அதோடு கலந்திருந்த களிமண்ணில் அலுமினியமும் கொஞ்சம் குரோமியமும் இருந்தன. சுண்ணாம்பில் சிலிக்கா குறைவு, இரும்பும் குறைவு. இமயம் எழுந்த காலத்தில் அது வெந்தபோது மாணிக்கம் விளைந்தது. இரும்பு இல்லாததால் அந்த ஒளிர்வு. செவ்வாத்தூர்க் கார்பனடைட்டும் ஆசிட்டுக்கு அதே மாதிரிதான் பொங்கும், ஆனால் கடலைப் பார்த்ததே இல்லை. அது கீழிருந்து உருகி வந்த கல். அதோடு வந்தவை அபடைட், மேக்னடைட், பைரோகுளோர் போன்ற கனிமங்கள். களிமண்ணின் அலுமினியம் அதில் இல்லை. பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு கல்லின் பிறப்பு இப்படி வேறாக இருப்பதை, கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையனுக்குச் சொன்னபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

அப்புறம் முக்கியமான இடத்துக்கு வந்தோம். கறுப்புப் பைராக்சினைட்டுக்குள் வெளிர்க் கல் நரம்பாக நுழைந்திருக்கிறது. இரண்டும் தொடும் விளிம்பில் பழுப்புத் தங்க நிறத்தில் தகடு தகடாக மைக்கா. ஊரில் காக்காப்பொன் என்பார்கள், இது அதில் நீர் ஏறிப் பதம் மாறிய வகை, வெர்மிகுலைட். மாமா ஒரு தகட்டை டீக்கடை அடுப்பில் போடச் சொன்னார். போட்டதும் அது புழு நெளிவது போல நெளிந்து, பல மடங்கு உப்பி, பொரி மாதிரி கனமற்றுப் போனது. டீக்கடைக்காரர் இன்னும் இரண்டு கேட்டார்.

இந்த விளிம்பில் நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காரணம் இருக்கிறது. வெளிர்க் கல்லில் அலுமினியமும் சிலிக்காவும் உண்டு. கறுப்புக் கல்லில் சிலிக்கா பற்றாது, அதற்குச் சிலிக்கா பசி. இரண்டும் சூடாகத் தொட்டுக்கொண்டிருந்தால் சிலிக்கா வெளிர்க் கல்லை விட்டுக் கறுப்புக்கு நகரும். நடுவில் மைக்கா வேலி எழும்பும். சிலிக்காவை இழந்த வெளிர்க் கல்லில் அலுமினியம் தனித்து விடப்பட்டால் குருந்தமாக உறையும். கறுப்புக் கல் குரோமியம் உள்ளதாக இருந்து, கொஞ்சத்தைக் கொடுத்தால் சிவக்கும். கென்யாவில் மங்காரிப் பக்கம் மாணிக்கம் கிடைப்பது இந்த மாதிரி விளிம்புகளில், இதே மாதிரி மைக்காவுக்கு நடுவில்தான். வடாற்காட்டில் மாணிக்கத்துக்கு நான் எங்காவது மண்டியிட்டுத் தேடுவேன் என்றால் அது இந்த விளிம்பில்தான்.

கிடைக்கவில்லை. மைக்கா, ஃபெல்ஸ்பார், பச்சை பைராக்சின், மெழுகு மாதிரி அபடைட். விளிம்பு மண்ணை இரண்டு பாண்டு அரித்தும் பார்த்தோம். கறுப்பு வந்தது, சிவப்பு வரவில்லை. இருட்டியதும் புற ஊதா டார்ச்சை அந்த விளிம்பு நெடுக மெதுவாக ஓட்டினேன். ஒரு இடத்தில் சிவப்பாக மின்னியது. ஓடிப்போய்க் குனிந்தால் பிளாஸ்டிக் துண்டு.

நாள் 4 – ஏலகிரி

காலையிலிருந்து மூட்டம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினோம். மலை முழுக்க சயனைட், இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பார் நிறைந்த அழகான கல். குவார்ட்ஸ் மிகக் குறைவு. அப்படியானால் மாணிக்கத்துக்கு இடம் உண்டே என்று தோன்றும். ஆனால் இதில் இருக்கும் அலுமினியம் அத்தனையையும் ஃபெல்ஸ்பாரே வாங்கிக்கொண்டுவிட்டது, மிச்சம் விடவில்லை. காங்கயம் பக்கத்துச் சிவன்மலையில் மிச்சம் விட்டது. அங்கே சயனைட்டுக்குள்ளேயே குருந்தம் இருக்கிறது, ஹாலண்ட் அதைப் பற்றி 1901இல் விரிவாக எழுதியிருக்கிறார். சிலிக்கா குறைய வேண்டும், அலுமினியம் மிஞ்ச வேண்டும், குரோமியம் கிட்டத்தில் இருக்க வேண்டும். குரோமியம் வாழ்வது கறுத்த கற்களில், அலுமினியம் மிகுவது வெளுத்த கற்களில். இரண்டும் சந்திப்பதே அபூர்வம்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. இறங்கிவிட்டோம்.

நாள் 5 – மறுபடி குடியாத்தம்

முதல் நாள் கற்களைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் அவற்றைத் திரும்ப வாங்கிப்போக வந்திருந்தார்கள், கூடவே நாலைந்து புதியவர்களும். அந்தப் பேரணாம்பட்டு விவசாயியும் வந்திருந்தார், நான் எதிர்பார்க்கவில்லை.

என் பையில் சித்தம்பூண்டிக் கல் ஒன்று உண்டு. நாமக்கல் மாவட்டத்தில் உள்ள ஊர், நான் சொன்ன அந்தத் தையலை ஒட்டியே இருக்கிறது. சந்திரயான்-2 திட்டத்துக்காக நிலா மண்ணைப் போல ஒரு மண் தயாரிக்க இஸ்ரோ கல் எடுத்த இடம் என்று பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த வெள்ளைக் கல் அனார்த்தோசைட். அதில் அலுமினியம் மிக அதிகம், குவார்ட்ஸ் இல்லை, பக்கத்திலேயே குரோமியம் நிறைந்த குரோமைட் பட்டைகள். தமிழ்நாட்டில் அந்த மூன்றும் கூடிய இடம். வெள்ளைக்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு இளஞ்சிவப்புக் குருந்தம் ஆறு பட்டையோடு பதிந்திருக்கிறது. ஒளி ஊடுருவாது, பிளவுகள் அதிகம், நகைக்கு ஆகாது. ஆனாலும் அசல் குருந்தம்.

திண்ணையில் வைத்து ஒவ்வொருவரையும் கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். வெங்கச்சாங்கல்லை அதன் மேல் உரசச் சொன்னேன். குருந்தத்தில் கீறல் விழவில்லை, வெங்கச்சாங்கல்தான் தேய்ந்தது. கார்னெட்டைத் தெர்மாகோலில் வைத்துக் காந்தத்தைக் காட்டவும் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தேன். இனிமேல் யாராவது கல்லைப் பார்க்கவே பணம் கேட்டால், முதலில் காந்தத்தைக் காட்டுங்கள் என்றேன். கோமேதகம் என்று நவரத்தினத்தில் வைப்பதும் ஒரு வகைக் கார்னெட்தான், கார்னெட் என்றால் கேவலம் இல்லை என்பதையும் சொன்னேன். மண்ணுக்கடியில் கனிமம் ஏதாவது இருப்பதாகத் தோன்றினால் தோண்ட ஆரம்பிக்காமல் மாவட்டக் கனிமவள அலுவலகத்தில் கேளுங்கள் என்றும் சொன்னேன்.

பேரணாம்பட்டுக்காரர் கடைசிவரை பேசவில்லை. எல்லோரும் போன பிறகு, "அப்போ எங்க பக்கம் எங்கேயுமே இல்லையாம்மா?" என்றார்.

"வெங்கச்சாங்கல் இல்லாத எடம் தெரிஞ்சா சொல்லுங்க ஐயா, நான் வந்து பாக்கறேன்" என்றேன்.

மாமா உள்ளே போய்ப் பழைய டைரிகளை எடுத்து வந்தார். போர் போட்ட ஒவ்வொரு இடத்துக்கும் ஆழம், தண்ணீர், மாவு நிறம், பிட் தேய்ந்த கணக்கு. வெங்கச்சாங்கல் வந்தால் பிட் சீக்கிரம் தேயும், அதற்குத் தனிக் காசு வாங்க வேண்டும் என்பதால் ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறார். பிட் தேயாமல் கரும்பச்சை மாவு வந்த இடங்களை மட்டும் பென்சிலால் வட்டம் போடச் சொன்னேன். இரவு பதினொரு மணி வரை அவரும் விவசாயியும் விளக்கடியில் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். முப்பது வருஷக் கணக்கில் மூன்று வட்டம் விழுந்தது. இரண்டு திருப்பத்தூர்ப் பக்கம், ஒன்று ஆலங்காயத்துக்குப் போகும் வழியில் ஒரு ஏரிக்கரை. பங்குனியில் ஏரி வற்றும். அப்போது வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பாண்டும் சல்லடையும் மாமா வீட்டிலேயே இருக்கின்றன.